டைனா வாஷிங்டன்: ஒரு குரலும் பல அலமாரிகளும்

அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டு ஒரே பாட்டு மூன்று பேர் குரலில் சக்கைப்போடு போட்டது. பாட்டின் பெயர் 'கோல்டு, கோல்டு ஹார்ட்'. எழுதிப் பாடியவர் அலபாமாக்காரர் ஹேங்க் வில்லியம்ஸ். அவருடைய இசைத்தட்டு, அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசையின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதையே டோனி பென்னட் பெரிய வாத்தியக் குழுவோடு பாடினார். அது பாப் பட்டியலில் முதலிடம். மூன்றாவது குரல் டைனா வாஷிங்டனுடையது. அவரும் அலபாமாவில் பிறந்தவர்தான். அவர் பாடிய தட்டு, கறுப்பினச் சந்தைக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது.

அந்தப் பாட்டின் கட்டுமானத்தில் ப்ளூஸ் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பிறகு ஏன் அந்தப் பட்டியலுக்குப் போனது? பாடியவர் கறுப்பினப் பெண் என்பதால்தான். அன்றைய அமெரிக்க இசை வணிகத்தில் பட்டியல்கள் பாட்டு எந்த வகை என்று சொல்லவில்லை. வாங்குகிறவர் யார், எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறார் என்றே சொல்லின. டைனா ஜாஸ் பாடகியா, ப்ளூஸ் பாடகியா, பாப் பாடகியா என்ற சண்டை அவர் உயிரோடிருந்தபோதே தொடங்கியது, இன்றும் முழுதாக ஓயவில்லை. இந்தக் கேள்வியை அவருடைய குரலிடம் கேட்டுப் பயனில்லை, இசைத்தட்டுக் கடையின் அலமாரியிடம்தான் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். 1943இல் முதல் தட்டுக்குப் பாடியதிலிருந்து 1963இல் அவர் இறக்கும்வரை குரல் பெரிதாக மாறவில்லை. அதைச் சுற்றி வாத்தியங்களை மாற்றினார்கள், அட்டையை மாற்றினார்கள், அடுக்கை மாற்றினார்கள்.

இயற்பெயர் ரூத் லீ ஜோன்ஸ். 1924 ஆகஸ்ட் 29 அன்று அலபாமாவின் டஸ்கலூசாவில் பிறந்தார். தெற்கின் நிறவெறிச் சட்டங்களுக்கும் கூலி வறுமைக்கும் தப்பி லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கத்தி நகரங்களுக்கு ரயிலேறிக்கொண்டிருந்த காலம் அது. ஜோன்ஸ் குடும்பமும் ரூத் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே சிகாகோவின் தெற்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. அம்மா ஆலிஸ் பியானோ வாசிப்பார், மகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். செயின்ட் லூக் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வாசித்தும் பாடியும் வளர்ந்த பிள்ளை.

அந்தச் சிகாகோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டைனாவின் குரல் அங்கேதான் உருவானது. 1930களில் காஸ்பெல் என்ற புதிய பக்தி இசை அந்த நகரத்தில் வேர்பிடித்துக்கொண்டிருந்தது. அதன் தந்தை என்று கொண்டாடப்படும் தாமஸ் டார்சி, அதற்கு முன் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் பியானோ வாசித்தவர். ப்ளூஸ் பாடகி மா ரெய்னியின் குழுவை நடத்தியவர். மதுக்கூடத்தில் பழகிய தாளத்தையும் நெளிவுகளையும் அவர் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தபோது பல போதகர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்து, அச்சிட்ட தாள்களாக விற்றுக் காசாக்கிக் காட்டியவர் சாலி மார்ட்டின் என்ற கெட்டிக்காரப் பெண்மணி. அவர் பிறகு பெண்களை வைத்துத் தனிக் குழு தொடங்கினார். அதில் பியானோ வாசித்துப் பாடிய பதின்பருவப் பெண்தான் ரூத்.

காஸ்பெல் அவருக்குக் கொடுத்த பெரிய சொத்து சொல் சுத்தம். தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். டைனாவின் எந்தப் பதிவை எடுத்தாலும், வாத்தியம் எவ்வளவு இரைந்தாலும், ஒரு மெய்யெழுத்துகூட மங்காது. வரியின் கடைசிச் சொல்லை மற்றவர்கள் இழுத்து அலங்கரிக்கும் இடத்தில் இவர் பட்டென்று வெட்டுவார். அந்த வெட்டில்தான் அவருடைய கோபம், கேலி, காதல் எல்லாம் இருக்கிறது.

பதினைந்து வயதில் ரீகல் தியேட்டரில் நடந்த புதுமுகப் போட்டியில் பாடிப் பரிசு வாங்கினார். அதன்பின் ஒரு கால் தேவாலயத்தில், ஒரு கால் கிளப்பில். இந்த இரட்டை வாழ்க்கை நெடுநாள் ஓடவில்லை. 1941-42 வாக்கில் கிளப்புகளே முழுநேரமாயின. ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். சாமி பாட்டையும் கிளப் பாட்டையும் கலப்பது தப்பு என்று நம்பினார். காஸ்பெலின் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டார், ஆனால் காஸ்பெல் பாட்டுகளை இரவு விடுதி மேடைக்குக் கொண்டுவரவில்லை. பின்னால் பாடகர் ரே சார்ல்ஸ் எந்தத் தயக்கமும் இல்லாமல் செய்த கலப்படம் இது.

கேரிக் ஸ்டேஜ் பார் என்ற இடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. கீழ்த்தளத்தில் புகழ்பெற்ற ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே, மேல்தளத்தில் ரூத் ஜோன்ஸ். பதினெட்டு வயதுப் பாடகிக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் அமைய முடியாது. பில்லியிடம் அவர் கற்றது தாளத்துக்குச் சற்றே பின்தங்கி வந்து, விழ வேண்டிய இடத்தில் சரியாக விழும் வித்தை. 'டைனா வாஷிங்டன்' என்ற பெயரும் இந்தக் காலத்தில்தான் ஒட்டியது. பெயர் வைத்தது நானே என்று பிற்பாடு உரிமை கொண்டாடியவர்கள் பலர்: இசைக்குழுத் தலைவர் லயனல் ஹாம்ப்டன் ஒருவர், லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் மேலாளர் ஜோ கிளேசர் இன்னொருவர். டைனாவோ அந்தப் பெருமையை கேரிக்கின் உரிமையாளர் ஜோ ஷெர்மனுக்குக் கொடுத்தார். புகழ் வந்த பிறகு பெயர் வைத்தவர்கள் பெருகுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ஹாம்ப்டன் குழுவில் 1943 முதல் 1945 வரை பாடினார். ஊர் ஊராகப் பேருந்துப் பயணம், மேடையில் கைதட்டல், ஆனால் குழுவோடு இசைத்தட்டு அநேகமாக இல்லை. அதற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில் அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவு நிறுத்தம் அறிவித்திருந்தது. வானொலியும், காசு போட்டால் பாடும் பெட்டியான ஜூக்பாக்ஸும் இசைத்தட்டை வைத்தே ஓடினால் நேரில் வாசிப்பவர் பிழைப்பு என்ன ஆவது என்பது சங்கத்தின் கேள்வி. பெரிய கம்பெனிகளில் டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கிவந்தது. கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் வரை முறைத்துக்கொண்டு நின்றன. அந்த இடைவெளியில் சின்னக் கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு புதுக் குரல்களைத் தேடின. கீநோட் அப்படி ஒரு சின்னக் கம்பெனி. 1943 டிசம்பர் 29 அன்று ஹாம்ப்டன் குழுவின் ஆட்களை வைத்து டைனா நான்கு பாட்டுகள் பதிவு செய்தார். 'ஈவில் கேல் ப்ளூஸ்', 'சால்ட்டி பாப்பா ப்ளூஸ்' இரண்டும் பேசப்பட்டன.

ப்ளூஸின் வடிவம் எளிமையானது. பன்னிரண்டு தாளக்கட்டு ஒரு சுற்று. முதல் வரியைப் பாடு, அதையே இன்னொரு முறை பாடு, மூன்றாவது வரியில் பதில் சொல். இரண்டாவது முறை பாடும்போது அதே சொற்கள் எப்படி வேறாக ஒலிக்கின்றன என்பதில்தான் பாடுகிறவரின் சாமர்த்தியம். 'ஈவில் கேல்' பாட்டில் ஒரு பெண், என்னிடம் வராதே, நான் பொல்லாதவள் என்று ஆண்களை எச்சரிக்கிறாள். பத்தொன்பது வயதுப் பெண்ணின் குரல் அது என்று தெரியாமல் கேட்டால் நாற்பது வயது அனுபவம் பேசுவதாகத் தோன்றும். ப்ளூஸ் என்றால் மிசிசிப்பி பருத்தி வயலிலிருந்து நேராக வர வேண்டும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ஒலிப்பதிவை ஏற்பாடு செய்து, பாட்டுகளையும் கொடுத்தவர் லெனர்ட் ஃபெதர், லண்டனில் பிறந்து வளர்ந்த ஜாஸ் விமர்சகர். டைனாவுக்கு 1949இல் பட்டியல் முதலிடம் வாங்கித் தந்த 'பேபி கெட் லாஸ்ட்' பாட்டும் அவர் எழுதியதே.

1945 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் அப்பல்லோ என்ற கம்பெனிக்காகப் பன்னிரண்டு ப்ளூஸ் பாட்டுகள் பாடினார். சாக்ஸஃபோன்காரர் லக்கி தாம்சன் தலைமை. பேஸ் வாசித்தவர் சார்ல்ஸ் மிங்கஸ், குச்சியால் தட்டி வாசிக்கும் உலோகப் பட்டை வாத்தியமான வைப்ரஃபோனில் மில்ட் ஜாக்சன். இருவரும் அப்போது இளைஞர்கள், பின்னாளில் ஜாஸ் வரலாற்றில் தனித்தனி அத்தியாயங்கள். டைனாவின் வாழ்க்கை முழுக்க இப்படித்தான்: அவர் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்களின் பட்டியலை எழுதினால் அதுவே பாதி ஜாஸ் வரலாறு. விண்டன் கெல்லி, டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப், ஆஸ்திரியாவிலிருந்து வந்திறங்கிய ஜோ ஸாவினுல் எல்லாரும் அவருடைய மேடையில் சம்பளம் வாங்கியவர்கள்.

1946இல் மெர்க்குரி கம்பெனியில் சேர்ந்தார். சிகாகோவில் அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய கம்பெனி. அங்கே பதினைந்து ஆண்டு இருந்தார். அவரை 'ஜூக்பாக்ஸ்களின் ராணி' என்று கூப்பிட்டது இந்தக் காலத்தில்தான், அந்தப் பட்டத்துக்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. அன்றைய வானொலி நிலையங்களில் கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளுக்கு இடம் சொற்பம். ஆனால் கறுப்பின வட்டாரத்து மதுக்கூடம், முடிதிருத்தும் கடை, சாப்பாட்டுக் கடை ஒவ்வொன்றிலும் ஜூக்பாக்ஸ் நின்றது. ஐந்து சென்ட் போட்டால் ஒரு பாட்டு. எந்தத் தட்டு அதிகம் தேய்கிறது என்பதை ஜூக்பாக்ஸ்காரர் கண்ணால் பார்த்தார். வானொலி கதவடைத்த இடத்தில் டைனாவின் புகழை வளர்த்தது இந்த ஐந்து சென்ட் நாணயங்கள்தான்.

இந்தப் பட்டியல்களை வெளியிட்ட இசை வணிக இதழான பில்போர்ட் இந்தச் சந்தைக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். 1942இல் நியூயார்க்கின் கறுப்பின வட்டாரப் பெயரில் 'ஹார்லெம் ஹிட் பரேட்'. 1945இல் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத்தின் இசைத்தட்டுகள். போர் முடிந்த பிறகு அந்தப் பெயர் உறுத்தத் தொடங்கியது. இதழில் வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் என்ற இளைஞர் வேறொரு பெயரை முன்வைத்தார். 1949 ஜூனில் பட்டியலின் பெயர் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' ஆனது. பலகை மாறியது, கடை அதேதான். பழைய பெயர் இருந்தபோது 1948இல் டைனாவின் 'ஆம் ஐ ஆஸ்கிங் டூ மச்' முதலிடம். புதுப்பெயர் வந்த அதே ஆண்டில் 'பேபி கெட் லாஸ்ட்' முதலிடம். 1948க்கும் 1955க்கும் இடையில் அந்தப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் அவர் பாட்டுகள் 27 முறை ஏறின.

மெர்க்குரியின் வணிக உத்தி வெளிப்படையானது. பாப்பில் ஒரு பாட்டு சூடுபிடித்தால் உடனே டைனாவைக் கூப்பிட்டு அதைக் கறுப்பினச் சந்தைக்குப் பதிவு செய்வது. 1952இல் கே ஸ்டார் பாடிய 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' பாப் முதலிடம்; டைனாவின் பதிப்பு ரிதம் அண்ட் ப்ளூஸில் மூன்றாம் இடம். இதே கம்பெனி எதிர்த்திசையிலும் வண்டி ஓட்டியது. லாவெர்ன் பேக்கர் என்ற கறுப்பினப் பாடகியின் 'ட்வீட்லி டீ' 1955இல் ஏறிக்கொண்டிருந்தபோது, மெர்க்குரி தன் வெள்ளைப் பாடகி ஜார்ஜியா கிப்ஸை வைத்து அச்சு அசலாக அதே பாட்டை இறக்கியது. பாப் பட்டியலில் அறுவடை செய்தது கிப்ஸின் தட்டுதான். ஆக டைனாவை நகலெடுக்க வைத்த கம்பெனியும் லாவெர்னை நகலெடுத்த கம்பெனியும் ஒன்றே.

ஆனால் டைனா நகலெடுக்கத் தெரியாதவர். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் மூலத்தை மறந்துவிட்டுத் தன் போக்கில் பாடுவார். ஸ்டுடியோவில் ஒன்றிரண்டு முறைக்கு மேல் பாட மாட்டார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேகமான பாட்டு, சோகப் பாட்டு, கன்ட்ரி பாட்டு, தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்கு வந்த புதிதில் அதைப் பற்றி ஒரு குறும்புப் பாட்டு, பல் மருத்துவரைப் பற்றி இரட்டை அர்த்தத்தில் 'லாங் ஜான் ப்ளூஸ்' என்று எல்லாமே ஒரே மிடுக்கு. அந்த இரட்டை அர்த்தப் பாட்டுகளை வைத்து அவரை மட்டம் தட்டிய விமர்சகர்கள் உண்டு. எனக்கு அவற்றில் விரசத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் கேட்கிறது. சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு பாடும் கலை எல்லாருக்கும் வராது.

கம்பெனிக்குள்ளேயே அவருக்கு இன்னொரு அலமாரியும் இருந்தது. மெர்க்குரி 1954இல் எமார்சி என்ற ஜாஸ் பிரிவைத் தொடங்கியது. அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவில் ஒரு சின்னக் கூட்டத்தை உட்காரவைத்து, கச்சேரி போலவே ஒரு பதிவு நடத்தினார்கள். டிரம்பெட்டில் கிளிஃபர்ட் பிரவுன், கிளார்க் டெர்ரி, மேனார்ட் ஃபெர்குசன் மூவரும், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். 'டைனா ஜாம்ஸ்' என்ற பெயரில் வந்த அந்த நெடுந்தட்டில் 'யூ கோ டு மை ஹெட்' பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. ஜூக்பாக்ஸ் பாட்டுக்கு மூன்று நிமிடம்தான் எல்லை. இங்கே அந்தக் கயிறு அவிழ்ந்துவிட்டது. டைனா ஒரு சுற்று பாடிவிட்டு ஒதுங்குகிறார், வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள், பிறகு அவர் திரும்பி வருகிறார். நேரே பாட்டின் நடுவில் வந்து நிற்கிறார், குரலை உயர்த்தவே இல்லை, ஆனாலும் அத்தனை டிரம்பெட்டுகளும் அடங்குகின்றன. அவரைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இந்தத் தட்டைத்தான். கிளிஃபர்ட் பிரவுன் அதன்பின் இரண்டு ஆண்டுகூட இருக்கவில்லை. 1956 ஜூனில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25.

அடுத்த ஆண்டு 'ஃபார் தோஸ் இன் லவ்'. இதற்கு வாத்திய ஏற்பாடு எழுதியவர் 22 வயது குயின்சி ஜோன்ஸ். கம்பெனி பெயர் பெற்ற ஒருவரை வேண்டும் என்றதாகவும், அட்டையில் டைனா வாஷிங்டன் என்று இருக்கிறதே, அதைவிடப் பெரிய பெயர் எதற்கு என்று டைனா கேட்டதாகவும் குயின்சி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டின் அழகே அடக்கம்தான். இன்று குயின்சி என்றால் மைக்கேல் ஜாக்சன் ஞாபகம் வருகிறவர்கள் இதை ஒருமுறை கேட்க வேண்டும்.

1958 கோடையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பாடினார். அந்த விழாவைப் படம்பிடித்து 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்ற ஆவணப்படம் வந்தது. டைனா பாடும் காட்சி இணையத்திலும் கிடைக்கிறது. 'ஆல் ஆஃப் மீ' பாடிக்கொண்டிருக்கிறார். நடுவில் டெர்ரி கிப்ஸ் வைப்ரஃபோன் வாசிக்க, டைனா பக்கத்தில் போய்க் குச்சியை எடுத்துக்கொண்டு அதே வாத்தியத்தில் தானும் தட்டத் தொடங்குகிறார். முகமெல்லாம் சிரிப்பு. ப்ளூஸ் என்றாலே அழுகை என்று நினைப்பவர்களுக்கு அந்த ஓரிரு நிமிடம் போதும். பியானோ வாசித்து வளர்ந்த கை அது, தாளம் பிசகவில்லை.

அதே ஆண்டு பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு நெடுந்தட்டு வெளியிட்டார். 1920களில் ப்ளூஸ் ராணியாக இருந்த பெஸ்ஸியின் வரிசையில் அடுத்தவர் தானே என்று அறிவிப்பது போல. அதில் தப்பும் இல்லை.

இனி 1959. மெர்க்குரியில் பாட்டுத் தேர்வையும் பதிவையும் கவனிக்கும் பொறுப்புக்குக் கிளைட் ஓடிஸ் வந்திருந்தார். பெரிய கம்பெனி ஒன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் சில கறுப்பினத்தவர்களில் ஒருவர். டைனாவைப் பாப் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவெடுத்தார். பாட்டு பழசு: மெக்சிகோவைச் சேர்ந்த மரியா கிரெவர் ஸ்பானிஷில் எழுதி, 1934இலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்ட மெட்டு. 'வாட் எ டிஃபரன்ஸ் எ டே மேக்ஸ்'. பெல்ஃபர்ட் ஹென்ட்ரிக்ஸ் வயலின்களையும் சொல்லில்லாத கோரஸ் குரல்களையும் குழைத்து ஏற்பாடு எழுதினார்.

கேட்டுப் பாருங்கள். வயலின் இறங்கி வழிவிடுகிறது, டைனா நுழைகிறார். பின்னணி முழுக்க ஜீரா. குரல் மட்டும் அதில் ஊறாமல் மொறுமொறுவென்று நிற்கிறது. 'டிஃபரன்ஸ்' என்ற சொல்லை நறுக்கிப் போடும் விதத்தில் சாலி மார்ட்டின் காலத்துச் சொல் சுத்தம் அப்படியே இருக்கிறது. இருபத்து நாலு மணி நேரத்தைப் பற்றிய அடியில் தாளத்தைச் சற்று முன்னே போகவிட்டு நிதானமாகப் பின்னால் வருகிறார். அது பில்லியிடம் படித்தது. சந்தோஷப் பாட்டுதான், ஆனால் இந்தச் சந்தோஷம் இதற்கு முன் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறது என்பதும் கூடவே கேட்கிறது. இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் எட்டாம் இடம். 34 வயதில், பதினாறு ஆண்டு இசைத்தட்டு வாழ்க்கைக்குப் பிறகு, பாப்பின் முதல் பத்துக்குள் அவர் நுழைந்தது அப்போதுதான். ஜாஸ் வட்டாரத்தில் முணுமுணுப்பு எழுந்தது: காசுக்காகக் கலையை விற்றுவிட்டார், வயலினுக்குள் மூழ்கிவிட்டார். இந்தக் குற்றச்சாட்டில் எனக்கு ஒப்புதல் இல்லை. வெள்ளைப் பாடகிக்கு வயலின் வைத்தால் அது இயல்பு, டைனாவுக்கு வைத்தால் துரோகம் என்பது என்ன கணக்கு? அவர் 1951லேயே பாப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார். அதைப் பாப் என்று யாரும் அழைக்கவில்லை, அவ்வளவே. சொல்லப்போனால் இதில் பெரிய வேடிக்கை வேறு. அந்தப் பாட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. எந்தப் பிரிவில்? சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் நிகழ்த்தல். ஊரே பாப் என்று வாங்கிய தட்டை, விருதுக் குழு பழைய அலமாரிக்கே திருப்பி அனுப்பியது.

அடுத்த ஆண்டு ப்ரூக் பென்டனோடு இரண்டு டூயட்கள். 'பேபி, யூ'வ் காட் வாட் இட் டேக்ஸ்' பாப்பில் ஐந்தாம் இடம், 'எ ராக்கின் குட் வே' ஏழாம் இடம்; ரிதம் அண்ட் ப்ளூஸில் இரண்டுமே முதலிடம். முதல் பாட்டில் ஓரிடத்தில் பென்டன் அவசரப்பட்டு டைனாவின் வரியில் நுழைந்துவிடுகிறார். மறுபடியும் என் இடத்துக்கு வந்துவிட்டாயே என்று டைனா செல்லமாக அதட்ட, உன் இடம் எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார் பென்டன். அந்தப் பிசகை வெட்டாமல் அப்படியே தட்டில் விட்டுவிட்டார்கள். கூடப் பாடுகிறவர் தடுக்கி விழும்போது ஒரு நொடியில் அதை நகைச்சுவையாக்கும் ஆளைப் பிடித்து எந்த அடுக்கில் வைப்பது?

ஆளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ராணி என்ற பட்டத்தை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மிங்க் கோட்டு, வைரம், கோபம், கெட்ட வார்த்தை எதிலும் குறை வைக்கவில்லை. இங்கிலாந்து போனபோது உலகத்தில் ஒரே ராணிதான், உங்கள் எலிசபெத் போலி என்று மேடையிலேயே சொன்னார் என்ற கதை இன்றும் உலவுகிறது. ஏழு கல்யாணம். டைனாவைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் கணவர்களின் எண்ணிக்கையைத் தாண்டுவதே இல்லை. ஏழு ஆண்களின் பெயரை எழுதும் இடத்தில் ஏழு இசைத்தட்டுகளின் பெயரை எழுதலாம். இன்னொரு பக்கம், சொந்தமாக நிகழ்ச்சி முன்பதிவு நிறுவனம் நடத்தினார், புதியவர்களை மேடையேற்றினார், தன் குழுவையும் சம்பளத்தையும் தானே பேசித் தீர்மானித்தார். கறுப்பினப் பாடகியருக்கு மேலாளரும் கம்பெனியும் விட்டதே மிச்சம் என்றிருந்த காலத்தில் அந்தக் கோபத்துக்கு ஒரு பயன் இருந்தது.

1962இல் மெர்க்குரியை விட்டு ரூலெட் கம்பெனிக்கு மாறினார். அங்கே செய்தவற்றில் பாதி வயலின் குவியல். இங்கே மட்டும் விமர்சகர்களின் முணுமுணுப்பை நானும் ஓரளவு ஏற்பேன். ஏற்பாடுகளில் ஹென்ட்ரிக்ஸின் அளவு தெரிந்த கை இல்லை. 'பேக் டு த ப்ளூஸ்' விதிவிலக்கு. பெயருக்கேற்ப மறுபடியும் சதையும் ரத்தமுமாகப் பாடியிருக்கிறார்.

1963இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் டிக் லேனை மணந்து அந்த ஊரில் குடியேறினார். 'நைட் டிரெயின்' என்று ரசிகர்கள் கூப்பிட்ட லேன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1952இல் ஒரே பருவத்தில் எதிரணியின் 14 பந்துகளைக் குறுக்கே பாய்ந்து பறித்த அவர் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. டைனா உடல் எடையைப் பற்றி எப்போதும் கவலைப்பட்டவர். எடை குறைக்க மாத்திரை, தூங்க மாத்திரை என்பது அன்றைய கலையுலகில் சர்வசாதாரணம், மருத்துவர்களே தாராளமாக எழுதிக்கொடுத்தார்கள். 1963 டிசம்பர் 14 அதிகாலை லேன் கண்விழித்தபோது டைனா அசைவற்றுக் கிடந்தார். செகோபார்பிட்டால், அமோபார்பிட்டால் என்ற இரண்டு தூக்க மருந்துகள் உடலில் உயிரைக் கொல்லும் அளவுக்குக் கலந்திருந்தன. வயது 39. சிகாகோவை அடுத்த ஆல்சிப்பில் உள்ள பர் ஓக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அவர் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு ஒன்று நடந்தது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலுக்கும் பாப் பட்டியலுக்கும் இப்போது வித்தியாசமே குறைந்துவிட்டது என்று பில்போர்ட் 1963 நவம்பர் இறுதியில் தனிப் பட்டியலை நிறுத்திவிட்டது. டைனா இருபது வருடம் முட்டிய சுவர், அவர் கண்மூடும் நேரத்தில் காகிதத்தில் இல்லை. பதினான்கு மாதம் கழித்து, 1965 ஜனவரியில், பட்டியல் திரும்ப வந்துவிட்டது.

டெட்ராய்ட்டில் அவருடைய நண்பர் சி. எல். ஃபிராங்க்ளின் என்ற புகழ்பெற்ற போதகர். டைனா அவர் வீட்டுக்கு வந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவர் அவருடைய மகள், பின்னாளில் பெரும் பாடகியான அரேதா ஃபிராங்க்ளின். டைனா இறந்தபோது அரேதாவுக்கு 21 வயது. கொலம்பியா கம்பெனியில் பாடிக்கொண்டிருந்தார். 1964இல் 'அன்ஃபர்கெட்டபிள்' என்று டைனாவுக்கு அஞ்சலியாக ஒரு முழு நெடுந்தட்டு பாடினார். அதைக் கேட்டால் கொலம்பியாவுக்கும் மெர்க்குரியின் பழைய தலைவலிதான் என்று புரியும்: இந்தப் பெண்ணை எங்கே வைப்பது, ஜாஸா, பாப்பா, ப்ளூஸா? ஆறு வருடம் விடை தெரியவில்லை. 1967இல் அட்லாண்டிக் கம்பெனி அரேதாவை அலபாமாவுக்கு அழைத்துப்போய்ப் பியானோ முன்னால் உட்காரவைத்துத் தேவாலயத்தில் பாடுவது போலவே பாடச் சொன்னது. அந்தத் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர். 1949இல் பில்போர்டில் உட்கார்ந்து அலமாரிக்குப் பெயர் மாற்றிய அதே ஆள். காஸ்பெலைக் கிளப் மேடைக்குக் கொண்டுவர டைனா தனக்குத்தானே போட்டிருந்த தடையை அரேதா தாண்டிய இடம் அது.

டைனாவின் பதிவுகளுக்குத் தனி வாழ்க்கை தொடர்ந்தது. இயக்குநர் சார்ல்ஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தில் 'திஸ் பிட்டர் எர்த்' ஒலிக்கிறது. இசை உரிமைக்குப் பணம் கட்ட முடியாமல் முப்பது ஆண்டு முடங்கிக் கிடந்த அந்தப் படம் 2007இல்தான் திரையரங்குகளுக்கு வந்தது. அதே பாட்டில் டைனாவின் குரலை மட்டும் எடுத்து இசையமைப்பாளர் மேக்ஸ் ரிக்டரின் வயலின் இசைமீது பொருத்தி 2010இல் 'ஷட்டர் ஐலண்ட்' படத்தின் முடிவில் வைத்தார்கள். இளைய தலைமுறை பலருக்கு டைனா அறிமுகமானது அதில்தான். 1960இல் கிளைட் ஓடிஸ் எழுதியபோது அது ரிதம் அண்ட் ப்ளூஸ் முதலிடப் பாட்டு. இப்போது இணையத்தில் அதைச் செவ்வியல் இசைத் தொகுப்புகளில் பார்க்கலாம்.

அமெரிக்க அஞ்சல் துறையும் தன் பங்குக்கு ஒரு முடிவெடுத்தது. 1993இல் 29 சென்ட் தபால்தலைகளாக ஒரு வரிசை வெளியிட்டது: எல்விஸ் பிரெஸ்லி, பட்டி ஹாலி, ஓடிஸ் ரெட்டிங் ஆகியோரோடு டைனா வாஷிங்டன். தலைப்பு ராக் அண்ட் ரோல், ரிதம் அண்ட் ப்ளூஸ். மறு ஆண்டு ஜாஸ், ப்ளூஸ் பாடகர்களுக்கென்று இன்னொரு வரிசை வந்தது. அதில் மா ரெய்னி இருந்தார், பெஸ்ஸி ஸ்மித் இருந்தார், பில்லி ஹாலிடே இருந்தார். டைனா இல்லை, அவருக்குத்தான் போன வருடமே போட்டாயிற்றே.